புதுத் தோல் பூட்ஸின் சத்தத்துக்குத் தேங்காயெண்ணெயா?

லவ்டேல்வாசி:
புதுத் தோல் பூட்ஸ் கிறீச்சிட்டால் தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவி இரண்டு நாள் வைத்தால் சத்தம் அடங்கிவிடும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதே யோசனையை வேறொருவர் சொல்ல, போன டிசம்பரில் நானும் அப்படித்தான் செய்தேன். மறுநாள் காலையில் தையலோரமெங்கும் எண்ணெய் வெள்ளையாக உறைந்து, மெழுகுவத்தி சொட்டியதைப் போல நின்றது. சத்தமோ சற்றும் குறையவில்லை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஊட்டியில் மே மாதப் பகலில்கூட அந்த வெப்பம் எல்லா நாளும் கிடைப்பதில்லை.

குன்னூர்த் தங்கம்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தோலுக்குத் தேங்காயெண்ணெய்தான். டிசம்பரில் தலைக்குத் தேய்ப்பதற்கே புட்டியை வெந்நீரில் வைத்து உருக்கும் ஊரில், பூட்ஸுக்கும் உருக்கித் தடவ வேண்டும் என்று தனியாக எழுத வேண்டுமா? உருக்காமல் அப்பிவிட்டு எண்ணெயைக் குறை சொல்வது என்ன நியாயம்?

சேணம் தைப்பவன், ஊட்டி:
தம்பி தங்கம், உருக்கித் தடவினாலும் தோல் குளிர்ந்ததும் எண்ணெய் மறுபடி உறையத்தானே செய்யும்? முப்பது வருடமாகக் குதிரைச் சேணமும் வாரும் தைக்கிறவன் சொல்கிறேன், கேளுங்கள். சத்தம் தோலுக்குள்ளிருந்து வருவதில்லை. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பிறகு சட்டென்று வழுக்கும் இடத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பூட்ஸ் முழுவதும் எண்ணெய் பூசுவது, பல்வலிக்காரனுக்கு முதுகில் தைலம் தேய்ப்பதைப் போன்றது. புதுச் சேணத்தைக் கட்டையின் மேல் வைத்து, பக்கத் தோலை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார் உரசும் மடிப்பில்தான் கறகறவென்று கேட்கும். மடிப்பைத் தூக்கி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் முகப்பவுடரைத் தொட்டுத் தடவினால் அந்த நிமிடமே அடங்கும். பூட்ஸுக்கும் இதே வழிதான். உள்ளே கிடக்கும் அட்டையை உருவியெடுத்து, அதன் அடியில் அரை ஸ்பூன் பவுடரைத் தூவுங்கள். லேஸுக்கு அடியிலுள்ள நாக்கு உரசும் இரு பக்கமும் தடவுங்கள். எண்ணெய் மிஞ்சினால் தோல் தொளதொளத்துப் போவதோடு, அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசையும் இளகும்.

வில்பட்டிக்காரன், கொடைக்கானல்:
ஊட்டிக்காரர்கள் இருவரும் உறைகிற எண்ணெயை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். சமவெளியில் புதுச் செருப்பைப் பதப்படுத்த நம் முன்னோர்கள் பயன்படுத்தியது விளக்கெண்ணெய். அது எங்கள் மலைக் குளிரிலும் உறையாது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் புதிதில் விறைப்பாகத்தான் இருக்கும், அதற்கு எண்ணெய் தேவை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சேணம் தைப்பவன், ஊட்டி:
ஆவாரம்பட்டைக் கதையை எனக்குச் சொல்ல வேண்டாம். தோல் பதனிடும் பட்டைக்காகவே வளர்த்த சீகை மரங்கள் இன்றும் எங்கள் மலை முழுக்க நிற்கின்றன.

வில்பட்டிக்காரன், கொடைக்கானல்:
அந்த மரத்தை வேட்டில் என்று சொல்லி எங்கள் மலையிலும் வளர்த்தார்கள் ஐயா. புல்வெளியை விழுங்கிய மரத்தில் பெருமை பேச என்ன இருக்கிறது? கடையில் வாங்கும் பூட்ஸில் பெரும்பாலானவை குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

சேணம் தைப்பவன், ஊட்டி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! குரோம் தோல் புதிதிலேயே மென்மையானது, எண்ணெயே அதிகம் கேட்காது. கேட்காத தோலுக்கு உறைகிற எண்ணெயை ஏன் ஊட்ட வேண்டும்?

கோத்தகிரி ஆசிரியை:
என் மகளின் புதுப் பள்ளி ஷூ வகுப்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போடுகிறது. நீங்கள் சொன்னபடி பவுடர் போட்டோம் ஐயா; இரண்டு நாள் அடங்கியிருந்து, மழையில் நனைந்ததும் பவுடர் கட்டிகட்டியாகி முன்னைவிட மோசமாகிவிட்டது. ஜூலை மாதச் சாரலில் இதற்கு என்ன செய்வது?

குன்னூர்த் தங்கம்:
பார்த்தீர்களா? பவுடரின் லட்சணம் இதுதான்.

சேணம் தைப்பவன், ஊட்டி:
அம்மா, ஈர அட்டையின் மேல் பவுடர் போட்டால் மாவுதான் பிசைய முடியும். அட்டையை வெளியே எடுத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, அடுப்புப் பக்கம் வைக்காமல் காற்றில் நன்றாக உலர்த்திய பிறகு போடுங்கள். குதிகால் ஊன்றும்போது சத்தமா, தூக்கும்போது சத்தமா என்று பாருங்கள். எல்லாம் செய்தும் அடியிலிருந்தே சத்தம் வந்தால், உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தைப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். தங்கம், போன மழைக்காலத்தில் பூஞ்சணம் பற்றிப் பேசியபோது ஹீட்டர் முன்னால் பூட்ஸை உலர்த்தலாம் என்று சொன்னவரும் நீங்கள்தான். அதைக் கேட்ட ஒருவருடைய பூட்ஸ் விரல் மடிப்பில் வெடித்ததை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

குன்னூர்த் தங்கம்:
ஆறடி தள்ளி வைக்கச் சொன்னேன். அவர் ஒட்டி வைத்ததற்கு நானா பொறுப்பு? என் பூட்ஸ் இன்று சிம்ஸ் பூங்காவைச் சுற்றி நடந்தபோது முனகவே இல்லை. உறையும், உறையும் என்று நீங்கள் நூறு முறை எழுதினாலும் அது மாறாது.

லவ்டேல்வாசி:
24 டிகிரி என்பதும் மாறாது. இன்றிரவு புட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

குன்னூர்த் தங்கம்:
புட்டி வேறு, தோல் வேறு.

சேணம் தைப்பவன், ஊட்டி:
இரண்டிலும் இருப்பது ஒரே எண்ணெய்தான், தம்பி.