ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஜாயின்ட் கழன்றுவிடுகிறது, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகள் லெகோ டெக்னிக் துண்டுகளால் முன்சக்கரத்தில் மோட்டார் இழுவையுள்ள வண்டி ஒன்று கட்டுகிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்தான். வேளச்சேரி வீட்டு மொசைக் தரையில் நேராக நன்றாகத்தான் ஓடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் வம்பு. சக்கரம் திக்கித் திக்கிச் சுற்றுகிறது, சில சமயம் யுனிவர்சல் ஜாயின்ட் (இரண்டு அச்சுகள் வளைந்து நின்றாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) 'டக்'கென்று கழன்றுவிடுகிறது.

திக்குவதற்குக் காரணம் தெரியும். ஒற்றை ஜாயின்ட் வளைந்து நின்றால், உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இரண்டு ஜாயின்ட் போடலாம்தான், இடமில்லை. ஒன்றே மூன்று துளை நீளம், அதாவது 24 மி.மீ.

கழல்வதுதான் பெரிய தலைவலி. 8 பல், 24 பல் சக்கர ஜோடியை மோட்டார் பக்கம் வைத்திருக்கிறோம். அதனால் மூன்று மடங்கான முறுக்குவிசை முழுக்க ஜாயின்ட் வழியாகத்தான் போகிறது. சிலுவை வடிவ அச்சே லேசாக முறுக்கிக்கொண்டுவிட்டது, தீபாவளிப் பலகாரம் மாதிரி.

அந்த ஜோடியை ஜாயின்ட்டுக்கு அப்புறம், சக்கரத்தை ஒட்டி வைத்து யாராவது கட்டியிருக்கிறீர்களா? ஜாயின்ட்டின் மையம் ஸ்டியரிங் திரும்பும் அச்சிலேயே விழ எந்தத் துண்டுகளைப் போட்டீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.

அப்புறம், சென்னையில் ஜாயின்ட் மட்டும் உதிரியாகக் கிடைக்குமா? பாரிமுனையில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். "முழு செட்டாத்தான் சார் வரும்" என்கிறார்கள்.