அமராவதி தப்பாக எண்ணவில்லை

பழைய சோகக் காதல் கதை ஒன்றை எடுத்து, அதில் பேயையோ மறுபிறவியையோ புகுத்தி இளவட்டங்களுக்காகத் திருப்பி எழுதியதை நீங்கள் படித்திருக்கலாம், பார்த்திருக்கலாம், எழுதியும் இருக்கலாம். அந்த அனுபவத்தை இங்கே சொல்லுங்கள். நான் எழுதி மாட்டிக்கொண்டவள். அதனால் முதலில் என் கதை.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் போனிலேயே ஒரு தொடர் எழுத ஆரம்பித்தேன். தேரழுந்தூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கம்பர் பிறந்த ஊர் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்ததால், அவர் மகன் அம்பிகாபதி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோழன் வீட்டு விருந்தில் இளவரசி அமராவதி தட்டைச் சுமந்து வருகிறாள். பார்த்தவன் தன்னை மறந்து 'இட்டடி நோவ' என்று பாடிவிடுகிறான். அடி எடுத்து வைத்தால் பாதம் நோகுமாம், இடுப்பு அசையுமாம். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மகன் தலை போய்விடுமே என்று, தெருவில் கொட்டிக்கிழங்கு விற்கும் பெண்ணைப் பற்றிய பாட்டு அது என்று கம்பர் மீதி வரிகளை முடித்துவைக்கிறார். நம்பாமல் வெளியே போய்ப் பார்த்தால், உண்மையிலேயே ஒரு கிழவி கிழங்கு விற்றுக்கொண்டு நிற்கிறாள். வந்தது சரஸ்வதி என்பார்கள். அமானுஷ்யம் வேண்டும் என்று நான் தனியாகத் தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை, பாருங்கள்.

அப்புறம்தான் அந்த நூறு பாட்டு. காதல் வாசனையே இல்லாமல், தெய்வத்தின் மேல் நூறு பாட்டு பாடி முடித்தால் இளவரசி உனக்கு. திரைக்குப் பின்னால் அமராவதி ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். தொடக்கத்தில் சாமியை வேண்டிப் பாடும் காப்புச் செய்யுளையும் சேர்த்து நூறு ஆனதும் எட்டிப் பார்க்கிறாள். அவனும் முடிந்தது என்று நினைத்து அவளைப் பாடிவிடுகிறான். காப்பைச் சேர்க்காத சபைக் கணக்கில் தொண்ணூற்றொன்பதுதான். தலை போயிற்று.

என் தொடரில் அமராவதி பேய். லேடீஸ் ஹாஸ்டல் மூன்றாம் மாடியில், இரவில் ஒரு குரல் எண்ணுகிறது. சொட்டும் குழாயை எண்ணும், படிக்கட்டை எண்ணும், தொண்ணூற்றொன்பது வந்ததும் நின்று அழும். மறுபடி ஒன்றிலிருந்து. எதிர் பில்டிங்கில் பாட்டு எழுதுகிற ஒரு பையன். அவன் யார் என்று உங்களுக்கே தெரியும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவள் "நான் தப்பாக எண்ணிவிட்டேன், மன்னித்துவிடு" என்று கதறுவாள். படிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராவது அத்தியாயத்தோடு பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தேன். விற்கிற நெல் மூட்டை மூட்டையாகத் தராசில் ஏறிப் போய்விடும். வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வதை மட்டும் அப்பாயி இன்னமும் மரக்காலால்தான் அளக்கும். மரக்காலுக்கு ஒரு கோடு போட, திண்ணையில் நான் நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். முதல் மரக்காலைக் கொட்டும்போது அப்பாயி "லாபம்" என்றது. அடுத்ததற்கு "ரெண்டு". எங்கள் பக்கம் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தைதான். அன்றைக்குத்தான் எனக்குக் கோடு போடுவதில் குழப்பம் வந்தது.

"அப்பாயி, லாபத்தைக் கணக்குல சேர்க்கணுமா?"

"பின்ன? அது நெல்லு இல்லையா?"

அந்த இடத்திலேயே எனக்கு என்னவோ செய்தது. அளந்து முடித்த பிறகு அம்பிகாபதி கதையைச் சொன்னேன். காப்புச் செய்யுளைக் கணக்கில் சேர்த்ததால் வந்த வினை என்றேன். அப்பாயி மரக்காலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே கேட்டது: "சாமி பேரைச் சொல்லி முதல்ல பாடினா அது பாட்டு இல்லாமப் போயிடுமா? அந்தப் பொண்ணு சரியாத்தான் எண்ணியிருக்கு. சேர்க்க மாட்டேன்னவனைப் போய்க் கேளு."

யோசித்துப் பாருங்கள். போட்டியே தெய்வத்தின் மேல் பாட வேண்டும் என்பதுதான். காப்பு, தெய்வத்தின் மேல் பாடும் பாட்டு. அதைத் தள்ளியது எந்த நியாயம்? தலைமுறை தலைமுறையாக அவசரக்காரி, எண்ணத் தெரியாதவள் என்று பழியை அவள் தலையில் கட்டியிருக்கிறோம். நானும் பதினோரு அத்தியாயம் கட்டினேன்.

பன்னிரண்டாவதில் பேய் அழுகையை நிறுத்தியது. சபையைக் கணக்குக் கேட்டது. அவ்வளவுதான், பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். "பேய் ஏன் கணக்கு டீச்சர் மாதிரி பேசுது" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது.

* * *

பதில்: நெல்லைப் பாபநாசம் பக்கத்திலிருந்து

உங்கள் கதையில் பேய் ஹாஸ்டலில் அலைகிறது. எங்கள் பக்கம் காதலித்துச் செத்தவன் அலைய மாட்டான், சாமியாக நிற்பான்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்களுக்குப் பட்டவராயன் சந்நிதி தெரியும். அங்கே காணிக்கை செருப்பு. தோல் செருப்புகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சாமி ராத்திரியில் போட்டுக்கொண்டு நடப்பார், அதனால் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. எட்டாம் வகுப்பில் நான் ஒரு செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்துதான் இருந்தது. பழைய செருப்பை யாராவது கட்டியிருப்பார்களா என்று கேட்டதற்கு மாமா முதுகில் ஒன்று வைத்தார்.

அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். பிராமணன். வாலப்பகடை என்ற சக்கிலியரின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டான். பெண் கேட்டுப் போனால், குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தை, அப்புறம் பார்க்கலாம் என்கிறார் அப்பா. அவனும் தைக்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு மாட்டைத் திருடர்கள் ஓட்டிப் போகிறார்கள், மீட்கப் போனவன் ஒளிந்திருந்தவன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். அக்காளும் தங்கையும் தீயில் இறங்குகிறார்கள்.

பதினாறு வயதில் ஒரு கோயில் கொடையில் இந்தக் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பிணத்தைப் பெண்கள் பார்க்கும் இடம் வந்ததும் புலவர் பாட்டை இழுத்தார், குடம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திடீரென்று குலவை போட்டு எழுந்தது. அருள். மஞ்சத் தண்ணி ஊற்றித்தான் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பேய்க் காதல் கதையைப் படித்தாலும் எனக்கு அந்தக் குடச் சத்தம் இல்லாதது குறையாகவே தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். திருப்பி எழுதுவது எல்லாம் நல்ல எண்ணத்தில் நடப்பதில்லை. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு முன்கதை பிற்பாடு சேர்ந்துகொண்டது. நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். செருப்புத் தைத்தவனின் காதலையே ஒன்றுமில்லாமல் ஆக்குகிற ஒட்டு அது. நீங்கள் அமராவதிக்குச் செய்தது நேர் எதிர். ஓடுகிற பாதிப் பேர் ஓடட்டும்.

* * *

பதில்: ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன்

ரோமியோ ஜூலியட்டில் பேயே இல்லையே, இந்தக் காலத்து நாவல்களில் மட்டும் எப்படிப் பேய் வந்தது என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நான்காம் அங்கம் மூன்றாம் காட்சியைத் திறக்கச் சொன்னேன். மருந்தைக் குடிப்பதற்கு முன் ஜூலியட் தனியாக நிற்கிறாள். கல்லறைக்குள் முன்னோர் எலும்புக்கு நடுவில் கண் விழித்தால் என்ன ஆவேன் என்று நடுங்குகிறாள். ரோமியோ கொன்ற டிபால்ட்டின் ஆவி அவனைத் தேடி வருவது அவள் கண்ணுக்குத் தெரிகிறது. அவளுக்கு இன்னும் பதினாலு முடியவில்லை. மாணவி அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள், பாதியில் நிறுத்திவிட்டு, "சார், இவளை யாருமே பக்கத்துல இருந்து பார்த்துக்கலையா?" என்றாள். பத்து வருடமாக நடத்துகிறேன். எனக்கு இது தோன்றியதில்லை. செவிலியையும் அம்மாவையும் அவளேதான் அனுப்பிவைக்கிறாள். திரும்பக் கூப்பிட நினைத்துச் செவிலியை ஒரு முறை அழைத்தும்விட்டு, அவள் வந்து என்ன செய்வாள் என்று விட்டுவிடுகிறாள்.

முடிவை மாற்றுவதும் புதிதில்லை. 1748இல் டேவிட் காரிக் ரோமியோ சாவதற்கு முன்பே ஜூலியட்டை எழுப்பி, இருவரையும் பேசவிட்டார். ஏறக்குறைய நூறு ஆண்டு மேடையில் அந்த முடிவுதான் ஓடியது.

இன்னொன்று, இளங்கோவன் வசனத்தில் வந்த 1937 'அம்பிகாபதி'யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. பாகவதர் பேசிய காதல் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட்டைத்தான் கையில் வைத்திருந்தார். ஆக, உங்கள் ஹாஸ்டல் பேய்க்கு ஜூலியட்டின் ஊரான வெரோனாவில் அப்போதே ஒரு தோழி கிடைத்துவிட்டாள்.

* * *

பதில்

2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி'யை ஏஐ வைத்து முடிவை மாற்றி மறுபடி தியேட்டரில் விட்டார்களே, ஹீரோ பிழைத்துக்கொள்வது போல. அந்தப் படத்துக்கும் கம்பர் மகனுக்கும் கதையில் ஒட்டில்லை என்றாலும், அந்தப் பெயர் வைத்தவனைச் சாகவிடாமல் ஒரு மெஷின் எழுப்பியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இயக்குநரும் தனுஷும் கோபப்பட்டார்கள். என் அம்மா மட்டும் "பொழைச்சா நல்லதுதானே" என்றார்.

* * *

ஆரம்பித்தவள் மறுபடி வருகிறேன்

எல்லோருக்கும் நன்றி. பாபநாசத்துக்காரர் சொன்ன செருப்பு இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. சார் சொன்ன மாணவியின் கேள்வியைக் கதையில் திருடிக்கொள்ளப் போகிறேன், அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசி அத்தியாயம் இன்னும் போடவில்லை. காரணம் இதுதான். சபை மறுபடி கூடுகிறது. அமராவதி தன் கணக்கை வைக்கிறாள்: லாபம், ரெண்டு, மூணு என்று. சபை ஒத்துக்கொள்ளவில்லை, அது ஒத்துக்கொள்ளவே போவதில்லை. சரி, உங்கள் கணக்கிலேயே இன்னொரு பாட்டு என்று பையன் எழுந்திருக்கிறான். திரை விலகித்தான் இருக்கிறது, அவள் எதிரிலேயே நிற்கிறாள். அவளைப் பாடாமல், தெய்வத்தை மட்டும் அவன் பாட வேண்டும். வாய் தவறினால் மறுபடியும் தலை போகும்.

இதை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டது. போனை அணைத்ததும் கண்ணைத் திறக்காமலே, "பாடிட்டானா?" என்றது.

இன்னும் இல்லை. அந்த ஒரு வெண்பாவை நான் எழுத வேண்டும். மூன்றாவது அடியில் சீருக்குச் சீர் பொருந்தாமல் தளை தட்டிக்கொண்டே இருக்கிறது. வெண்பா தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள்.