மண்ணிலிருந்து வந்த வெள்ளிக் காசு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வயலோரம் (கென்ட், இங்கிலாந்து)

நாலு வருசமாக மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் திரிகிறேன். மனுசி இதைக் குப்பை பொறுக்கிற வேலை என்றுதான் சொல்லுவா. பிழை இல்லை. ஒரு நாளைக்கு முப்பது குழி தோண்டினால் முக்கால்வாசி பியர் ரின் துண்டு, ஈயக் குண்டு, துருப்பிடித்த ஆணி. மிச்சம் சட்டைப் பொத்தான்.

போன செப்டம்பர், கோதுமை வெட்டி முடிந்து வயலில் அடிக்கட்டை நிற்கிற நேரம். காணிக்காரரிடம் முதலே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன், கிடைப்பதில் பாதி அவருக்கு. மத்தியானம்போல ஹெட்போனில் மெல்லிய ஒரு கீச். திரையில் பார்த்தால் ரின் திறக்கிற வளையத்துக்கு வருகிற அதே எண். தாண்டிப் போகக் காலைத் தூக்கிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், சுத்தியலால் அடித்த பழைய காசு தகடு மாதிரி மெல்லிசு, விக்டோரியா காலத்துத் தடித்த வெள்ளி போல உரத்துக் கத்தாது. தோண்டினேன். ஒரு சாண் ஆழம்கூட இல்லை, மண்கட்டியை உடைத்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு.

சந்தோசத்தில் பெருவிரலால் தேய்த்துவிட்டேன். எங்கள் பக்கத்து மண்ணில் தீக்கல் பொடி நிறைய. அரசனின் முகத்துக்குக் குறுக்கே மூன்று கீறல். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியுது.

வீட்டுக்கு வந்து அளந்தேன்: 18 மில்லிமீட்டர், 1.3 கிராம். முன்பக்கம் முடி தரித்த நேர்முகம். பின்பக்கம் விளிம்பு வரை நீளும் சிலுவை, ஒவ்வொரு மூலையிலும் மூன்று குமிழ். 1279இல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் கொண்டுவந்த வெள்ளிப் பென்னியின் அமைப்பு இது. சிக்கல் என்னவென்றால் அவருடைய மகனும் முகத்தை மாற்றவில்லை. அரசன் பெயரை எவ்வளவு தூரம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேணும். 'எட்வ்' என்று முடிந்தால் பெரும்பாலும் தகப்பன். 'எட்வா' என்று ஒரு எழுத்துக் கூடினால் தகப்பனின் கடைசிக் காலம், அல்லது மகன். என்னுடையதில் சரியாக அந்த இடத்தில்தான் மண் அடைத்திருந்தது! பின்பக்கத்தில் 'கான்டோர்' என்று வாசிக்க முடிந்தது, எங்கள் கென்ட்டிலேயே இருக்கிற கான்டர்பரியில் அடித்த காசு. ஊர்க்காசு ஊரிலேயே விழுந்திருக்கு.

இங்கே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: இங்கிலாந்தில் தனிக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. 300 வருசத்துக்கு மேற்பட்ட வெள்ளிக் காசு இரண்டு ஒரே கண்டெடுப்பில் வந்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனருக்கு (மரணங்களையும் புதையலையும் விசாரிக்கிற அதிகாரி) அறிவிக்க வேணும். நான் தனிக் காசையும் எங்கள் பகுதித் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் காட்டிப் பதிந்தேன். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே போகிறவர்கள் முதலே விசாரியுங்கோ.

எழுத்தில் அடைத்த மண்ணை எப்படி எடுப்பது? யாராவது சொல்லுங்கோ.

கரிசக்காட்டான் (கோவில்பட்டி)

எங்களுக்கு டிடெக்டர்லாம் கெடையாதுண்ணே. தாத்தா வீட்டை இடிக்கும்போது அடுப்படிச் சுவத்துல இருந்து ஒரு கலயம் விழுந்துச்சு. உள்ள 14 விக்டோரியா ராணி தலை ரூபாய். சுவர்தானேன்னு நெனச்சோம். 1878 புதையல் சட்டம் மண்ணுல கெடந்தாலும் சரி, மண்ணோட சேந்த கட்டடத்துல கெடந்தாலும் சரி, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல போனா கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு சொல்லுது. பத்து ரூபாய்! எழுதிக் குடுத்து, அலைஞ்சு, காசு எங்க கைக்குத் திரும்பி வர ரொம்ப நாளாச்சு. அது தனிக் கதை.

அடையாளம் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. 'குயின்'னு இருந்தா 1877க்கு முந்தினது, 'எம்ப்ரஸ்'னு இருந்தா அந்த வருஷமோ அதுக்கு அப்புறமோ. ஆனா 1862ன்னு போட்டிருந்தா அந்த வருஷமே அடிச்சதுன்னு நம்பிறாதீங்க, பல வருஷம் அதே தேதியைப் போட்டே அடிச்சிருக்காங்க. எடை 11.66 கிராம். தேய்ஞ்சிருந்தா கொஞ்சம் கொறையும், ரொம்பக் கொறைஞ்சா சந்தேகப்படணும்.

இனிமேதான் வயித்தெரிச்சல். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மா ரெண்டு காசை எடுத்து, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு, அப்புறம் திருநீறு போட்டுத் தேச்சு வச்சிட்டாங்க. பளபளன்னு இருக்கு, ஆனா ராணி தலையில ஒரு முடி இல்ல. மதுரையில நாணயம் வாங்குறவர் கறுத்துக் கெடந்த பன்னெண்டையும் லென்ஸ் வச்சுப் பாத்தாரு. அந்த ரெண்டை மட்டும் தராசுத் தட்டுல போட்டாரு.

பட்டறை (கோவை)

நகைப் பட்டறையில வளர்ந்தவனுங்க, அதனால சொல்றேன். வெள்ளி மேல இருக்கிற கறுப்பு அழுக்கு இல்லீங்க, கந்தகம் சேர்ந்து வர்ற படலம். அலுமினியத் தாளை விரிச்சு, காசு அதுல படுற மாதிரி வச்சு, சமையல் சோடா போட்டுச் சுடுதண்ணி ஊத்துனா அலுமினியம் அந்தக் கந்தகத்தைப் பிடுங்கிக்கும். அழுகுன முட்டை வாசம் வருமுங்க. கொலுசுக்கு அருமையான வழி. காசுக்குச் செஞ்சா மொட்டை வெள்ளையா நிக்கும், அந்த வயசான நிறம் மறுபடி வராது. நான் ஒரு ஜார்ஜ் ரூபாயை அப்படித்தான் கெடுத்தேன்.

வயலோரம் அண்ணா, வாலைவடிநீர்ல, அதாங்க டிஸ்டில்டு வாட்டர்ல, ஊறப் போடுங்க. தினமும் தண்ணி மாத்துங்க. மண்ணு இளகுனதும் நுனி மழுங்குன பல்குச்சியை நனைச்சு மெதுவா நெம்புங்க, துடைக்காம ஒத்தி எடுங்க. பட்டறையில நகைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணியும் பிரஷ்ஷும் போடுவோம், அதைக்கூட காசுக்கு வேண்டாமுங்க. அப்புறம் பிவிசி உறையில போடாதீங்க, நாளாக நாளாகப் பச்சையாப் பிசுபிசுன்னு ஒட்டும்.

வயலோரம்

பட்டறைத் தம்பி, பதினொரு நாள் ஊற வைத்தேன். எழுத்து வந்துவிட்டது: 'எட்வ்' தான், பிறகு அரசன் என்பதற்கான 'ஆர்'. தகப்பன்! இடையில் அதே வயலின் மற்ற மூலையில், சிலுவைக் கோட்டிலேயே நறுக்கிய அரைக் காசு ஒன்றும் வந்தது. சில்லறைக்காக அந்தக் காலத்தில் பென்னியையே வெட்டுவார்கள் என்று வாசித்திருக்கிறேன், கையில் வைத்துப் பார்த்தது இப்பதான். வேறு மூலை என்றாலும், இரண்டும் ஒரே கண்டெடுப்பா என்று நானே முடிவு கட்டாமல் அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். அதைத் தேய்க்கவில்லை, மண்ணோடேயே டப்பாவில் இருக்கு.

அந்த மூன்று கீறலுக்கு ஏதும் வழி இருக்கா?

பட்டறை

இல்லீங்கண்ணா. அப்படியே விட்டுருங்க.