வருஷம் முழுக்க வருத்தம் வராமல் இருக்கத் திருகோணமலையில் என்ன செய்கிறீர்கள்?

உப்புவெளிக்குப் புதுசு எழுதியது:

வணக்கம். வவுனியாவில் இருந்து மாற்றலாகிப் போன சித்திரையில்தான் உப்புவெளிக்கு வந்தோம், கிணறு உள்ள வாடகை வீடு. மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஏழு. எழுபது தாண்டிய மாமாவும் எங்களோடு இருக்கிறார், அவருக்குச் சீனியும் பிரஷரும் உண்டு. வந்ததில் இருந்து யாருக்கும் சுகமில்லாமல் போகாத மாதம் ஒன்றே ஒன்றுதான். முதலில் வேர்க்குரு, ஆவணியில் இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம், மழை தொடங்கியதும் தடிமனும் இருமலும். மார்கழியில் மகனுக்கு வந்த காய்ச்சலில் டெங்குவாக இருக்குமோ என்று நாலு இரவு நான் தூங்கவில்லை. கடைசியில் டெங்கு இல்லை என்றார்கள். ஆனால் அதற்குள் உடம்பு நோவுக்கு என்று பாமசியில் கேட்டு வாங்கிய ஒரு குளிசையைக் கொடுத்துவிட்டேன், பிறகு அது கொடுக்கக்கூடாதது என்று டொக்டரிடம் ஏச்சும் வாங்கினேன்.

இணையத்தில் தேடினால் கை கழுவு, தண்ணீர் குடி, நன்றாகத் தூங்கு என்கிறார்கள். சரி, அது தெரியும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வருஷம் முழுக்கத் தவறாமல் எதைச் செய்கிறீர்கள் என்று சொல்வீர்களா?

பாலையூற்று டீச்சர் பதில்:

பிள்ளை, இங்கே வருத்தம் காற்றோடு வரும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை கச்சான் காற்றும் வெயிலும், ஐப்பசியில் இருந்து தை வரை வாடையும் மழையும். எந்தக் காலத்தில் எது வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். உங்கள் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். கச்சானில் கிணறு அடிமட்டத்துக்குப் போய் ஊத்தைத் தண்ணீர் வரும், மாரியில் நிரம்பி மலசலகூடக் குழியின் ஊற்றும் சேர்ந்துவிடும், ஆகவே இரண்டு காலத்திலும் கொதித்தாறிய நீர்தான். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகக் கொதிக்க வைத்தே குடித்தோம், ஆனாலும் பேரனுக்கு அடிக்கடி வயிறு கெட்டது. ஒருநாள் குசினியில் நின்று கவனித்தால், பையன் விளையாடிவிட்டு வந்த கையோடு டம்ளரைப் பானைக்குள் விட்டு மொள்ளுகிறான். கொதிக்க வைத்து என்ன பலன்? அடுத்த நாளே அடியில் குழாய் வைத்த பானை ஒன்று வாங்கினோம். வெள்ளம் வந்து கிணற்றுக்குள் போனால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் சொல்லுங்கள், குளோரின் போடும் அளவை அவர்கள் கிணற்றைப் பார்த்துச் சொல்வார்கள், நீங்களாக அள்ளிக் கொட்ட வேண்டாம்.

அடுத்தது நுளம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர் குடித்த கையோடு வளவைச் சுற்றி ஒரு நடை, இருபது நிமிஷம் போதும். சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு எல்லாரும் பார்ப்பார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நிற்கும், யாரும் போகாத வெளி மலசலகூடம் இருக்கும், அங்கேயும் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது, முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு பத்து நாள் எடுக்கும், நீங்கள் அதற்கு முன்பே குழப்பிவிட வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாளியின் உட்பக்கத்தைத் தும்பால் உரசிக் கழுவுங்கள், ஏனென்றால் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால்தான் நான் பெரிய துப்புரவை மழைக்கு முன்பே, புரட்டாதியிலேயே முடித்துவிடுவேன்.

இன்னொன்று, டவுனுக்குள் இருப்பவர்களுக்கு. தெருவில் திரியும் நம்முடைய மான்கள் பார்க்க அழகுதான், ஆனால் இரவில் குப்பைப் பையைக் கிழித்துவிட்டுப் போய்விடும். காலையில் பார்த்தால் யோகட் கப் எல்லாம் வாயை மேலே பார்த்தபடி மதில் ஓரம் கிடக்கும், மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு நுளம்புத் தொட்டி. குப்பையை லொறி வரும் காலையில் வெளியே வையுங்கள், முதல்நாள் இரவு வேண்டாம்.

இரவு டியூட்டி பதில்:

டீச்சர் சொன்னதற்கு மேல் காய்ச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வாட்டில் வேலை செய்கிறவள் நான். 2017 இல் கிண்ணியாவிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்கு எப்படி அடித்தது என்று இங்கே யாரும் மறக்கவில்லை, அந்த ஆண்டு நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல். அப்போது நான் பழகிய பழக்கம் ஒன்று உண்டு: யாருக்காவது உடம்பு சுட்டால் உடனே கலண்டரில் திகதியும் நேரமும் எழுதிவிடுவேன். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே எத்தனையாம் நாள் என்பதுதான், பெரும்பாலான அம்மாமார் விரல் விட்டு எண்ணிக் குழம்புவார்கள்.

காய்ச்சலுக்கு நிறைக்கு ஏற்ற அளவு பெனடோல் (பரசிட்டமோல்) மட்டும், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. உடம்பு நோகிறது என்று புரூபன், அஸ்பிரின், டைக்ளோபெனாக் எதுவும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தம் பரிசோதியுங்கள், சின்னப் பிள்ளை, முதியவர், கர்ப்பிணி என்றால் அதற்கு முன்பே டொக்டரிடம் காட்டுவது நல்லது. முக்கியமானது இதுதான்: காய்ச்சல் இறங்கியதும் சுகமாகிவிட்டது என்று பள்ளிக்கூடம் அனுப்பிவிடுகிறார்கள், டெங்குவில் ஆபத்தான நேரமே அப்போதுதான் தொடங்கும். வயிற்று நோ, ஓயாத வாந்தி, பல் முரசில் இரத்தம், கை கால் குளிர்வது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

குடிக்க இளநீர், கஞ்சி, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனிக் கரைசல்). வெறும் தண்ணீர் மட்டும் லீட்டர் கணக்கில் வேண்டாம். பீட்ரூட் சாறும் சிவப்புச் சோடாவும் அந்தச் சில நாட்களுக்கு விலக்குங்கள், வாந்தி எடுத்தால் இரத்தமா நிறமா என்று எங்களுக்கே தெரியாமல் போகும்.

கடலோரத்தான் பதில்:

இவ்வளவு தேவையா? எங்கள் அம்மம்மா மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துத் தந்தே எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். நான் இன்றைக்கும் தடிமனுக்கு அதுதான் குடிக்கிறேன்.

இரவு டியூட்டி பதில்:

தம்பி, தடிமனுக்கு நானும் அதுதான் குடிக்கிறேன். டெங்குவுக்குப் பப்பாசி இலைச் சாறு கொடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் பிந்தி வருகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம். மல்லித்தண்ணீரைக் குடித்தபடியே கலண்டரில் திகதியையும் எழுதலாமே.

கடலோரத்தான் பதில்:

சரி அக்கா, ஏச வேண்டாம். எனக்குத் தெரிந்த கடலைப் பற்றிச் சொல்கிறேன். உப்புவெளியும் நிலாவெளியும் கச்சான் காலத்தில் குளம் மாதிரிக் கிடக்கும், அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் கார்த்திகை மார்கழியிலும் அதே இடத்தில் இறங்குவார்கள். வாடைக் கடல் வேறு கடல், முழங்கால் தண்ணீரிலேயே காலை இழுக்கும். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்க வேண்டாம், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையை விட்டு வெளியே வந்து பிறகு திரும்புங்கள். ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் நாங்கள் வலையைக்கூட விட்டுவிட்டுக் கரை ஏறுவோம், மின்னலுக்கு வெளியான கடற்கரையை விட மோசமான இடம் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நான் எழுதி வைக்காத சட்டம் ஒன்று: நிலம் நீண்ட நேரம் குலுங்கினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை, வேடிக்கை பார்க்க நிற்பதும் இல்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு.

தம்பலகாமம் வயல்காரன் பதில்:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கத்துக்கு எலிக்காய்ச்சல்தான் பெரிய பயம். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கிவிட்டு, காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வேலைக் களைப்பு என்று படுத்துவிடுகிறோம். வயல் இறங்குகிறவர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை போட டொக்சிசைக்கிளின் குளிசை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை ஊடாகத் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் அது கூடாது. உங்களுக்கு வயல் இல்லை என்றாலும் வெள்ளத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

அடுத்தது பாம்பு. வெக்கை என்று வெறும் நிலத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்த எங்கள் வாப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது, கடித்ததே அவருக்குத் தெரியாது. காயம் இல்லை, வீக்கம் இல்லை, சுபஹுக்கு எழும்பும்போது வயிற்று நோ, கண் இமை தூக்க முடியவில்லை. உம்மாதான் சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார், அல்ஹம்துலில்லாஹ் தப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாரும் கட்டிலில், நுளம்பு வலையின் ஓரம் மெத்தைக்குக் கீழே செருகியிருக்கும். இரவில் டோர்ச் இல்லாமல் வளவுக்கு இறங்குவதில்லை. கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கிடையாது, காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. நாய் கடித்தால் வேறு கதை, முதலில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி அப்புறம் ஊசிக்குப் போங்கள், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.

பாலையூற்று டீச்சர் பதில்:

மாமாவை மறந்துவிட்டோம். சீனி உள்ளவர் என்றால் இரவு படுக்க முன் பாதத்தைப் பாருங்கள், விரல் இடுக்கிலும். என் வீட்டுக்காரர் ஆடியில் நண்பகல் பூசைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெயிலில் கொதித்த தரையில் நடந்திருக்கிறார். மரத்துப்போன பாதம், சுட்டதே தெரியவில்லை, பின்னேரம் நான்தான் கொப்புளத்தைக் கண்டேன். ஆறுவதற்கு இரண்டு மாதம் போனது. இப்போது காலைப் பூசைக்கு மட்டும்தான். கச்சானில் பதினொரு மணியில் இருந்து மூன்று மணி வரை மாமாவை வெளியே விடாதீர்கள், தாகம் எடுக்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு மார்கழி முழுக்கக் கதவடியில் தொங்க விடுங்கள், வெள்ளம் வந்தால் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

உப்புவெளிக்குப் புதுசு பதில்:

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு ஞாயிறு என்பதால் டீச்சர் சொன்ன நடையை நடந்து பார்த்தேன். பிரிட்ஜை இழுத்துப் பின்னால் பார்த்தால் தட்டில் அரைவாசிக்குத் தண்ணீர், அதில் புழு நெளிகிறது. பத்து மாதமாக வெளியில் புகை அடிக்கவில்லை என்று அயலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நுளம்பு குசினிக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது! மகன் தும்பால் உரசிக் கழுவினான், அடுத்த ஞாயிறும் அது தன்னுடைய வேலை என்கிறான். மாமா மட்டும் மத்தியானப் பூசையை விடமாட்டேன் என்று நிற்கிறார், டீச்சர், உங்கள் வீட்டுக்காரரை ஒருநாள் அவரோடு பேச விடுவீர்களா?