மாணவர்களுக்கு அனுப்பும் தமிழ் குறுஞ்செய்தி துண்டு துண்டாகப் போகிறது, உதவுங்கள்

கேள்வி:
பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் தேர்வு அறை மாறியதை 240 மாணவர்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன். 130 எழுத்துதான் இருந்தது, ஆனாலும் கணக்கில் நான்கு செய்தியாகக் கழிந்தது. சிலருக்குப் பின்பாதி மட்டும் வந்ததாம். ஒரு பெண் பழைய அறை வாசலில் தனியாக நின்றிருந்தாள். மனசு கேட்கவில்லை. எங்கே தவறு?

பதில் 1:
ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 அடங்கும், தமிழுக்கு 70 தான். அதிலும் ‘கு’ என்பது நமக்கு ஓர் எழுத்து, போனுக்கு க, உகரக் குறி என இரண்டு. ‘க்’ கூட அப்படித்தான். உங்கள் 130 எழுத்து 200-ஐத் தாண்டியிருக்கும். 70-ஐத் தாண்டினால் துண்டுகளை ஒட்டும் தகவலுக்கும் இடம் போய்விடும், அப்புறம் துண்டுக்கு 67 தான். ஒரு துண்டு வழியில் தங்கினால் நீங்கள் சொன்ன கதைதான். 70-க்குள் முடித்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி சார். இப்போது காரணம் புரிகிறது. நாளைக்கும் ஓர் அறை மாற்றம். இது சரியா?
“நாளை 10 மணி கணிதத் தேர்வு அறை 108 அல்ல, 204. துறை அலுவலகம்”

பதில் 2:
நான் மாணவன், மேடம். 108-ஐ எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கும்போது முதலில் கண்ணில் படும் எண்ணைத்தான் மனசு பிடித்துக்கொள்ளும். ‘அறை மாறியது’ என்று தொடங்கினால் பூட்டிய திரையிலேயே தெரியும், திறக்கவே வேண்டாம். ‘அன்பார்ந்த மாணவர்களே’ என்று தொடங்கினால் விளம்பரம் என்று தள்ளிவிடுவோம்.

பதில் 1:
தம்பி சொல்வது சரி. இன்னொன்று: ‘சென்றடைந்தது’ என்று அறிக்கை வந்தால் போனுக்குப் போனது என்றுதான் அர்த்தம், படித்தார்கள் என்று இல்லை. முதல் நாள் மாலை ஒன்று, காலையில் ஒன்று அனுப்புங்கள். அறை மாற்றத்துக்கு இரண்டு முறை அனுப்பலாம், தப்பில்லை.

கேட்டவர்:
இப்படி அனுப்பினேன்:
“அறை மாறியது: நாளை 10 மணி கணிதத் தேர்வு அறை 204. துறை அலுவலகம்”
போன் கணக்கில் 61, ஒரே செய்தியாகப் போனது. பழைய அறைக்குப் போனவர்கள் இரண்டே பேர். இருவரும் எண் மாற்றியவர்கள். புது எண்களைக் கையோடு வாங்கிப் பதிந்துவிட்டேன்.