கெட்டிமேளத்துக்கு நடுவுல பேச்சை எப்படிப் பதிவு பண்றது? (திருப்பரங்குன்றம், ஆவணி முகூர்த்தம்)

வைகைக்கரை:
திருப்பரங்குன்றத்துல மண்டபக் கல்யாணம், முகூர்த்தம் காலை 6 - 7.30. பொண்ணும் மாப்பிள்ளையும் கேக்குறது 20 நிமிஷப் படம். அப்பத்தா பேசுறது, தாய்மாமன் சீர், பெரியவங்க வாழ்த்து எல்லாம் அவங்கவங்க குரல்லயே வரணும், சினிமாப் பாட்டு வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டாங்க. கையில 3 கேமரா, ஒரு ரெக்கார்டர், 2 காலர் மைக் இருக்கு. நாதஸ்வரமும் தவிலும் ஆரம்பிச்சா பேச்சு மொத்தமும் அமுங்கிடுமே, மைக்கை எங்க வைக்கிறது? மீனாட்சி அம்மன் கோயில்லயும் 2 ஷாட் கேக்குறாங்க. முடியுமா?

ஒலிப்பெட்டி:
மாப்பிள்ளை சட்டையில குத்துற மைக் மாலை மாத்துற வரைக்கும்தான் உதவும். அதுக்கப்புறம் ரோஜா மாலை நேரா அது மேலதான் உக்காரும், அவர் அசையுற ஒவ்வொரு தடவையும் கரகரன்னு கேக்கும். அதனால முகூர்த்தத்துக்கு மைக்கை மணவறையிலயே கட்டுங்க. முன்பக்கத் தூண்ல, உக்காந்தவங்க வாய் உயரத்துக்கு, ஓமகுண்டத்துல இருந்து தள்ளி. காலர் மைக் எல்லாப் பக்கமும் கேக்குற ரகம், இதுக்கு ஆகாது. ஒரு கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தை அதிகமாவும் முதுகுப் பக்கத்தைக் குறைவாவும் வாங்குற ரகம்) வாடகைக்கு எடுத்து, அதோட முதுகு மேளக்காரங்க பக்கம் இருக்கிற மாதிரி வைங்க.

ரெக்கார்டர்ல ஆட்டோ லெவலைக் கண்டிப்பா அணைச்சிருங்க. கெட்டிமேளம் முழங்கினதும் அது லெவலைக் கீழே இறக்கிடும், மேளம் நின்ன பிறகும் பழைய அளவுக்கு வர சில நொடி ஆகும். பெரியவங்க அட்சதை போட்டு வாழ்த்துறது சரியா அந்த நொடியிலதான். முகூர்த்தத்துக்கு முன்னாடியே தவில்காரர்கிட்ட ஒரு தடவை கெட்டிமேளம் வாசிக்கச் சொல்லி, ரெக்கார்டர் மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபல் தாண்டாம வைங்க. வசதி இருந்தா அதே ஒலியை மைனஸ் 20ல இன்னொரு டிராக்லயும் எடுங்க. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்னா (ரொம்பப் பெரிய சத்தத்தையும் சின்னப் பேச்சையும் ஒண்ணா வாங்குற ரகம்) இந்தக் கவலை குறையும், ஆனா மைக்கே திணறிடுச்சுன்னா அதுவும் காப்பாத்தாது.

ஐயர் மந்திரத்துக்கு மண்டபத்து மிக்சர்ல இருந்து லைன் எடுங்க. ரெக்கார்டர் இன்புட் 'லைன்'ல இருக்கணும், 'மைக்'ல இருந்தா மொத்தமும் கிழிஞ்சிடும். ரெக்கார்டரை பேட்டரியில ஓட்டுங்க. ரெக்கார்டரும் மிக்சரும் ரெண்டுமே கரண்ட்ல ஓடினா 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வரலாம். ஒலியையும் படத்தையும் சேர்க்கக் கை தட்டத் தேவையில்ல, கெட்டிமேளத்தோட முதல் அடியே போதும்.

முத்திரை25:
மேல சொன்னது முகூர்த்தத்துக்கு. ஆனா படத்தைத் தூக்கி நிறுத்தப்போற குரல் அன்னைக்குக் கிடைக்காது. மணவறையில யாரும் கதை சொல்ல மாட்டாங்க. ரெண்டு நாள் முன்னாடி வீட்டுக்கே போய் நாலு பேர்கிட்ட பேச்சு வாங்குங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் அணைச்சுட்டுத்தான் மைக்கைக் குத்தணும்.

"பேரனைப் பத்தி சொல்லுங்க அப்பத்தா"ன்னா "நல்ல பையன்யா"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. அவங்க கல்யாணத்துக் கூரைப்புடவையை மடியில வைங்க. யாரு எடுத்தா, எந்தக் கடை, என்ன விலைன்னு கேளுங்க. விரல் சரிகையைத் தடவிக்கிட்டே இருக்கும், பேச்சு தானா வரும். அந்த விரலுக்குத் தனியா ஒரு கேமரா போட்டுடுங்க. பதில் முடிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடுத்த கேள்விக்கு அவசரப்படாதீங்க. 4, 5 நொடி சும்மா இருந்தா, பெரும்பாலும் நல்ல வரி அப்புறம்தான் வரும்.

ஒரு மணி நேரப் பேச்சுல 5, 6 நிமிஷம் தேறினா அதிகம். கேட்டுக் கேட்டுத் தாள்ல எழுதி, குரலை மட்டும் முதல்ல வரிசைப்படுத்துங்க. அதைக் கண்ணை மூடிக் கேட்டாலே கதை புரியணும். அப்புறம்தான் மேல படம். சினிமாப் பாட்டு வேண்டாம்னு அவங்க சொன்னது உங்களுக்கு வரம், அந்த நாதஸ்வரமே இசை.

தல்லாகுளத்தான்:
மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள முடியாதுங்க. 2018 தீ விபத்துக்கு அப்புறம் செல்போனே உள்ள விடுறதில்ல. கோபுரம் வேணும்னா விடியக்காலையில சித்திரை வீதி, கோபுரம் இல்லாட்டியும் பரவாயில்லன்னா வண்டியூர் தெப்பக்குளம். ட்ரோன்னு யாராச்சும் ஆரம்பிச்சா, திருப்பரங்குன்றம் பக்கம் விமான நிலையம் இருக்கு. ட்ரோன் எங்க பறக்கலாம்னு நிறம் போட்டுக் காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல எந்த நிற மண்டலம்னு பாக்காம வாக்குக் கொடுக்காதீங்க.

மண்டபத்துல நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி. ஸ்லோமோஷனுக்கு 120 வேண்டாம், 100 ஃப்ரேம், 1/100. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 120ல எடுத்தா சீரியல் லைட்டெல்லாம் துடிக்கும். நொடிக்கு 100 மெகாபிட் 4கே மணிக்கு 45 ஜிபி தின்னும். 3 கேமரா, 5 மணி நேரம்னா 675 ஜிபி. 1 டிபி டிஸ்க் ரெண்டு, ரெண்டுலயும் காப்பி ஏத்தின பிறகுதான் கார்டை அழிக்கணும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. தாலி கட்டுறப்ப எல்லாரும் எந்திரிச்சுடுவாங்க, நடுக் கேமரா மறைஞ்சிடுமே?

முத்திரை25:
மறையத்தான் செய்யும், அவங்களை உக்காரச் சொல்றது முறையும் இல்ல. நடு ட்ரைபாடை ஒரு பெட்டி மேல ஏத்தி, லென்ஸ் 7 அடிக்கு மேல இருக்கிற மாதிரி வைங்க. ரெண்டாவது கேமரா மணவறை ஓரத்துல, தரையோட. பொண்ணுக்குப் பின்னாடி நாத்தனார் குனிஞ்சு முடிச்சுப் போடுறப்ப மேல இருந்து தலைகள்தான் தெரியும், கீழ இருந்துதான் கையும் கயிறும் தெரியும். மூணாவது பொண்ணோட அம்மா முகத்துல, மூணு முடிச்சும் விழுற வரைக்கும் நகரவே கூடாது. ஸ்டில் எடுக்கிறவர் எந்தப் பக்கம் நிப்பார்னு முந்தின நாள் ராத்திரியே பேசி, அந்த இடத்துல தரையில டேப் ஒட்டிடுங்க.