பழவேற்காடு முகத்துவாரத்துக்குக் கல் சுவர் தேவையா?

உப்பங்கழி:
பழவேற்காடு ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடாமல் இருக்க, அதன் இருபுறமும் கருங்கல் சுவர் கட்டினால் ஏரி அழியும் என்கிறார்கள். வாய் தூர்ந்தால் மட்டும் ஏரி வாழுமா? கடல் நீர் உள்ளே வராது. இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வராது. படகு தரைதட்டினால் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளுவது யார்? சுவர் வேண்டாம் என்பவர்கள் அல்ல.

நாரைக்கால்:
நானும் தள்ளியிருக்கிறேன், ஐயா. இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கில் மணல் மேடிடும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு ராயபுரம் பக்கம் நடந்ததும் அதுதான். இங்கே வடக்கில் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா.

இன்னொன்று. சுவர் வந்தால் பின்னாலேயே பெரிய விசைப்படகு வரும். அதற்காக ஏரியை ஆழப்படுத்தச் சொல்வார்கள். பூநாரை இரை தேடுவதைக் கிட்ட நின்று பார்த்ததுண்டா? தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்று நீரை அள்ளி வடிகட்டும். அதற்கு முழங்கால் நீர் போதும். முதலில் பறிபோவது அந்தத் திடல்தான்.

உப்பங்கழி:
விசைப்படகு உங்கள் கற்பனை. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000-இல் புது முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்வரத்து கூடியது. ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சரில், சூழல் கெட்டுவரும் இடங்களுக்கென்று உள்ள பட்டியலிலிருந்து 2002-இல் அதன் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

நாரைக்கால்:
அங்கே வாயை வெட்டினார்கள், சுவர் எழுப்பவில்லை. தூர்வாருங்கள், யார் தடுத்தது?

உப்பங்கழி:
தூர்வாரினால் எத்தனை மாதம் தாங்கும்? மணல் திரும்பி வரும், கூடவே அடுத்த டெண்டரும் வரும். யாருக்கு லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஓலைப்பறி:
படகுக்காரரும் பறவைக்காரரும் பேசிவிட்டீர்கள். படகே இல்லாதவர்கள்? இருளர் பெண்கள் ஓலைப் பறியை, அதாவது மீன் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். முறைவைத்து வலை கட்டும் பாடு உரிமை பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களுக்குத்தான். இவர்களுக்கு அதில் பங்கில்லை. கால் எட்டாத ஆழம் வந்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

நாரைக்கால்:
நான் யோசிக்காத பக்கம் இது. பறவையைச் சொன்ன வாயால் இவர்களையும் சொல்லியிருக்க வேண்டும்.

உப்பங்கழி:
ஏரிக்குள் எங்கே தோண்டக் கூடாது என்பதை அந்தப் பெண்களைக் கேட்டே முடிவு செய்யட்டும், சம்மதம். முகத்துவாரத்துக்குச் சுவர் வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை.